சீசர் தையலில் சீழ்: பார்மசியா, ஆஸ்பத்திரியா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 24 வயது. இது முதல் பிள்ளை. தண்ணிக்குடம் உடைந்து மறுநாள் ராத்திரி வரைக்கும் வலி இருந்தும் பிள்ளை இறங்காததால் சீசர் பண்ணி எடுத்தார்கள். மூன்றாம் நாள் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் பண்ணி) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது நல்லாத்தான் இருந்தது. ஏழாம் நாள் தையலின் வலது ஓரம் சிவந்து கல்லு மாதிரி ஆனது. ஒன்பதாம் நாள் ராத்திரி குளிர் எடுத்துக் காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டால் இறங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது. அண்ணி பல்லு வலிக்கு வாங்கி மீதி வைத்திருந்த அமொக்சிசிலின் ஆறு இருந்தது. அதை இரண்டு நாள் போட்டேன். நேற்றிலிருந்து தையலில் மஞ்சளாகத் தண்ணி கசிகிறது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் கத்தரிக்காய் சாப்பிட்டதால்தான் சீழ் வைத்தது என்று மாமியார் சொல்கிறார். மருந்து போட்ட பால் பிள்ளைக்கு ஆகாது என்று பால்மா கரைத்துக் கொடுக்கிறோம். ஒபரேசன் பண்ணும்போதே ஊசி போட்டார்களே, பிறகும் ஏன் இப்படி ஆனது? டவுன் பார்மசியில் இதைவிடப் பலமான மாத்திரை வாங்கலாமா? அடுத்த பிள்ளைக்கு இது தடையா? எப்போது மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகலாம்?"

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் வீட்டுக்காரர் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிய அன்றே உங்களோடு போனில் பேசினேன். பார்மசிக்குப் போக வேண்டாம், விடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னேன். நீங்களும் போனீர்கள். அதனால்தான் இன்று நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது. இது உங்களுக்கு மட்டுமல்ல. லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) பச்சை உடம்போடு படுத்திருக்கும் மற்றப் பெண்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மாமியார், அம்மாமாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அன்று ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சீசருக்குப் பிறகு வரும் காய்ச்சலை வீட்டிலிருந்தபடி இன்னதென்று சொல்ல முடியாது. வயிற்றைத் திறந்து, கருப்பையை வெட்டிப் பிள்ளையை எடுத்து, மறுபடி அடுக்கடுக்காகத் தைத்திருக்கிறோம். கிருமி தோலிலும் அதன் கீழே உள்ள கொழுப்பிலும் மட்டும் இருக்கலாம். கருப்பைக்குள்ளேயே இருக்கலாம். எங்கே இருந்தாலும் வீட்டில் தெரிவது காய்ச்சல்தான். ஒருவர் கையால் வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும், கண்ணால் தையலைப் பார்க்க வேண்டும். பார்மசிக்காரர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது. போனில் என்னாலும் முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு தவறிலிருந்துதான் சரியாகக் கற்றுக்கொண்டேன். பயிற்சி டொக்டராக இருந்த வருசம். சீசர் முடிந்து நாலாம் நாள் ஒரு தாய்க்குக் காய்ச்சல் 38.4 பாகை. தையல் சுத்தமாகக் காய்ந்திருந்தது. மார்பு இரண்டும் பால் கட்டி இறுகியிருந்தன. "பால் காய்ச்சல்" என்று எழுதி, பனடோல் கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வாட்டில் இருந்த மூத்த மிஸ்ஸி (தாதி) என்னைக் கூப்பிட்டார். போர்வையை விலக்கி, அந்தத் தாயின் தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார். தாய் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தார். அப்புறம் மிஸ்ஸி, தாய் கட்டியிருந்த துணியை எடுத்து என் பக்கம் நீட்டினார். அழுகிய மீன் வாடை. மிஸ்ஸி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தாய்க்குக் கருப்பைக்குள் தொற்று. அன்று ராத்திரியே ஊசி தொடங்கி, நல்லபடியாக வீட்டுக்குப் போனார். ஆனால் நான் வீணாக்கிய அந்தச் சில மணித்தியாலங்களை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து காய்ச்சல் என்று யார் வந்தாலும் வயிற்றைத் தொடாமலும், துணியைப் பார்க்காமலும் விடுவதில்லை.

கருப்பைக்குள் வரும் தொற்று பெரும்பாலும் பிள்ளை பிறந்த இரண்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தலைகாட்டும். காய்ச்சல், அடிவயிற்றில் தொட்டாலே வலி, படும் உதிரத்தில் கெட்ட வாடை. இந்த மூன்றில் எது இருந்தாலும் மாத்திரையோடு வீட்டில் இருக்கக் கூடாது. அங்கே ஒரு கிருமி மட்டும் இருக்காது. பிறப்புவழியில் இருப்பது, குடலிலிருந்து வருவது, காற்று இல்லாத இடத்தில் வளருவது என்று பல வகைக் கிருமிகள் கலந்து நிற்கும். அதனால் நரம்பு வழியாக ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து ஏற்றுவோம். உலகச் சுகாதார நிறுவனம் இதற்குச் சொல்வது கிளின்டமைசினும் ஜென்டமைசினும் சேர்ந்த சிகிச்சை. நம் வாட்டுகளில் செஃபுரொக்சைமோடு மெட்ரோனிடசோல் சேர்த்துப் போடுவதையும் பார்த்திருப்பீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். விடாவிட்டால் ஊசியை மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே எங்காவது சீழ் தேங்கியிருக்கிறதா, இடுப்பு நரம்பில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் பண்ணித் தேட வேண்டும்.

கருப்பைத் தொற்றுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் முழுதாக விட்டு ஒன்று இரண்டு நாள் ஆகிவிட்டால், மாத்திரை ஒன்றும் தராமலே வீட்டுக்கு அனுப்புவது சரியான முறைதான். "ஒரு மாத்திரைகூடத் தராமல் விரட்டிவிட்டார்கள்" என்று மனம் நோகாதீர்கள். இரத்தத்திலும் கிருமி கண்டிருந்தால் கணக்கு வேறு. அதை வாட்டிலேயே சொல்லிவிடுவார்கள்.

சரி, உங்கள் விசயம் தையல் தொற்று. இது கொஞ்சம் பிந்தித்தான் வரும். நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வருவது அதிகம், 30 நாள் வரைக்கும் வரலாம். துண்டு வெட்டும்போது எல்லாம் நல்லாயிருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். மூன்றாம் நாள் யார் பார்த்திருந்தாலும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்த பிறகு முளைக்கிற நோய் இது. அதனால் வீட்டில் இருப்பவர்களின் கண்தான் முதல் டொக்டர். தினமும் ஒரு தடவை வெளிச்சத்தில், யாராவது ஒருவர் தையலை முழு நீளத்துக்கும் பார்க்க வேண்டும். வயிற்றுத் தொங்கலின் கீழே இருப்பதால் தாய்க்குத் தானே பார்ப்பது கஷ்டம். லயத்துக் காம்பராவுக்குள் வெளிச்சம் போதாது. வாசல் பக்கம் படுக்க வைத்து, இல்லாவிட்டால் போன் லைட்டைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நடந்ததை நீங்கள் சொன்னதும், உங்கள் வீட்டுக்காரர் அனுப்பிய டயக்னோசிஸ் கார்டும் (ஆஸ்பத்திரியில் நோயையும் சிகிச்சையையும் எழுதித் தரும் அட்டை) இப்போது என் முன்னால் இருக்கின்றன. டொக்டர் போல்பொயின்ட் பேனையால் சிவப்பின் எல்லையைச் சுற்றி உங்கள் வயிற்றில் ஒரு கோடு போட்டார், "ஏன் படம் வரைகிறார் என்று நினைத்தேன்" என்றீர்கள். அந்தக் கோடு காசில்லாத, ஆனால் நம்பிக்கையான கருவி. மறுநாள் காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம். உள்ளே சுருங்கியிருந்தால் பிடிக்கிறது. உங்களுக்குச் சுருங்கியிருந்தது. அதற்கு முன்னால், மரத்துப் போக ஊசி போட்டு, வலது ஓரத்துத் தையலை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தார்கள். சீழ் தானாக வழிந்தது. நீங்கள் பயந்துபோய், "தைச்சதைப் பிரிச்சிட்டாங்க அக்கா" என்று அழுதீர்கள்.

அழ வேண்டாம். அந்தத் திறப்புதான் உங்களுக்குக் கிடைத்த முதல் மருந்து. சீழ் என்பது இரத்தம் ஓடாத ஒரு குட்டை. மருந்து போவது இரத்தத்தோடு. இரத்தம் போகாத குட்டைக்குள் எவ்வளவு விலையுயர்ந்த மாத்திரையும் போதுமான அளவு இறங்காது. குட்டையைத் திறந்து வடித்துவிட்டு, சுற்றியுள்ள சதையில் பரவிய கிருமிக்குத்தான் அன்டிபயோட்டிக். சீழ் வடிந்துபோய், சுற்றிலும் சிவப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை என்றால் சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது, கழுவி மருந்து கட்டினாலே ஆறிவிடும். பலமான மாத்திரை எது என்று கேட்டீர்கள் அல்லவா? கல்லாக இறுகிய தையலுக்கு மாத்திரையின் பலம் பதில் இல்லை.

அண்ணியின் அமொக்சிசிலின் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் வருகிறேன். தையலில் சீழ் வைக்கும் கிருமிகளில் முன்னணியில் நிற்பது ஸ்டஃபைலொகொக்கஸ் ஓரியஸ். நம் மூக்கிலும் தோலிலும் குடியிருப்பது. அமொக்சிசிலினை உடைத்துப்போடும் ஒரு நொதி அதில் பெரும்பாலானவற்றிடம் இருக்கிறது. மருந்து உடம்புக்குள் போகிறது, கிருமி அதை வெட்டிப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. அதனால்தான் அந்த நொதியால் உடைக்க முடியாத குளொக்சசிலினையோ, நொதியைத் தடுக்கும் கிளவுலனிக் அமிலம் சேர்ந்த கோ-அமொக்சிகிளேவையோ, செஃபலெக்சினையோ கொடுக்கிறோம். இவற்றுக்கும் அடங்காத ஸ்டஃபைலொகொக்கஸ் ஒன்று உண்டு, எம்ஆர்எஸ்ஏ என்று சொல்வோம், அதற்கு வேறு மருந்து. எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டுக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். இரண்டு மூன்று நாளில் கிருமியின் பெயரும், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் வரும். வீட்டில் அரைகுறையாக மருந்து போட்டுக்கொண்டு போனால் கல்ச்சரில் ஒன்றுமே முளைக்காமல் போகலாம், எங்கள் கண் கட்டப்பட்ட மாதிரி. உங்களுக்கு முளைத்தது, குளொக்சசிலினுக்கு அடங்கும் கிருமி என்று வந்தது. நல்ல செய்தி அது.

குளொக்சசிலினை 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் போட வேண்டும். எல்லா மாத்திரையையும் "சாப்பிட்டுட்டுப் போடு" என்று சொல்லிப் பழகிய வீடு நம் வீடு. இதைச் சோற்றோடு போட்டால் உடம்பில் சேர்வது குறைந்துவிடும். கார்டில் 7 நாள் என்று எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, மீதியை டப்பாவில் போட்டு அடுத்த வீட்டு அக்காவுக்கு எடுத்து வைக்காதீர்கள். லயத்தில் சீனியும் உப்பும் கைமாறுவதுபோல அன்டிபயோட்டிக்கும் கைமாறுகிறது. அன்பால் செய்வது, தெரியும். நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் இருந்தால், அந்த அன்பான ஒரு மாத்திரை மூச்சையே அடைத்துவிடும். அண்ணி கொடுத்ததும் பென்சிலின் குடும்பம்தான், உங்களுக்கு ஒத்துக்கொண்டது. டவுனில் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுப்பார்கள். அந்த நாலு மாத்திரையால் நோய் மாறாது, சீழ் இரண்டு நாள் மறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

ஒபரேசன் நேரத்தில் போட்ட ஊசி பற்றிக் கேட்டீர்கள், நியாயமான கேள்வி. தோலை வெட்டுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்துக்குள் செஃபசோலின், செஃபுரொக்சைம் போன்ற ஒன்றை ஒரே ஒரு தடவை நரம்பில் போடுவோம். கத்தி படும்போது இரத்தத்திலும் சதையிலும் மருந்து தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. முன்னெல்லாம் பிள்ளைக்கு மருந்து போய்விடுமே என்று பயந்து, தொப்புள்கொடியைக் கவ்விய பிறகுதான் போடுவார்கள். வெட்டும் முன்பே போடுவதால் தாய்க்குத் தொற்று இன்னும் குறைகிறது, பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று ஆராய்ச்சிகள் காட்டிய பிறகு முறை மாறியது. இந்த ஊசியால் தொற்று மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை. மீதி ஒரு பங்கில் யார் விழுவார் என்பதற்குச் சில காரணங்கள் உண்டு. தண்ணிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆகியிருந்தது, மணிக்கணக்காக வலி எடுத்த பிறகு அவசரமாகச் செய்த சீசர், பல தடவை உள்ளே கை வைத்துப் பார்த்தது, சீனி வருத்தம், உடல் பருமன், இரத்தசோகை. உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் இருக்கின்றன. கார்டில் ஹீமோகுளோபின் 9.1 என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். இதில் எதுவும் நீங்கள் செய்த குற்றமில்லை.

எங்கள் பக்கமும் தவறு நடக்காது என்று சொல்ல மாட்டேன். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டொக்டர், பிரேத பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டொக்டர்மாரைக் குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணியில் கை கழுவ வைத்தார். அந்த வாட்டில் அதற்கு முந்திய வருசம் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் செத்திருந்தார்கள். அடுத்த வருசம் அது நூற்றுக்கு ஒன்று சொச்சமாக இறங்கியது. அப்போது அன்டிபயோட்டிக் என்ற சொல்லே இல்லை. ஆகவே தையலைத் தொட வரும் டொக்டரோ மிஸ்ஸியோ கை கழுவாமல் வந்தால், "கை கழுவிட்டீங்களா மிஸ்?" என்று கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுகிறவர் இருந்தால் வெட்கப்பட வேண்டியவர் அவர்தான்.

கத்தரிக்காய்க்கு வருவோம். மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு இதை வாசித்துக் காட்டுங்கள். அம்மா, கத்தரிக்காயிலிருந்து தையலுக்குக் கிருமி போக வழியில்லை. எங்கள் அம்மாவும் எனக்கு இதைத்தான் சொன்னார், கத்தரிக்காய், அன்னாசி, கருவாடு, முட்டை எல்லாம் கரப்பான், புண்ணைக் கிளப்பிவிடும் என்று. முட்டையையும் கருவாட்டையும் நிறுத்தினால்தான் தங்கச்சியின் தையல் ஆறாது. புது சதை வளருவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, நெத்தலிக் கருவாடு, கீரை, பாலூட்டும் தாய்க்குக் கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா, எல்லாம் கொடுங்கள். திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் தாய்க்கே கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். பச்சை உடம்புக்குத் தண்ணி ஆகாது என்று தாகத்தோடு வைக்காதீர்கள். காய்ச்சலும் பால் சுரப்பும் சேர்ந்து உடம்பைக் காய வைக்கும். நீங்கள் அரைத்துக் கொடுக்கிற காயச் சரக்கும், மிளகு ரசமும் தாராளமாகக் கொடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

குளிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. நம் குளிரில் முப்பது நாளைக்குக் குளிக்கக் கூடாது என்று வைத்திருப்பார்கள். தையல் நல்லபடியாக இருக்கிற தாய் இரண்டாம் நாளிலிருந்தே இளஞ்சூட்டுத் தண்ணியில் மேல் கழுவலாம். பிறகு சுத்தமான, வெயிலில் காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மழைக் காலத்தில் அடுப்புக்கு மேல் கொடியில் போட்டு அரை ஈரத்தோடு எடுத்த துணியை வயிற்றில் இறுக்கிக் கட்டுவதுதான் ஆபத்து. வியர்வையும் ஈரமும் தையலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மஞ்சள், கோப்பித்தூள், சாம்பல், வேப்பெண்ணெய், எதையும் தையலில் போடாதீர்கள். இன்னொன்று, அடுத்து பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கு: வீட்டிலேயே பிளேட் எடுத்து மழித்துக்கொண்டு போகாதீர்கள். பிளேட் போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி குடியேறும். தேவை என்றால் தியேட்டருக்குப் போகும் முன் கத்தரித்துவிடுவார்கள்.

உங்களுக்கு இப்போது தையல் திறந்திருக்கிறது, பக்கத்து ஆஸ்பத்திரியில் தினமும் மருந்து கட்டுகிறீர்கள். திறந்த புண் மேலே மூடிக்கொள்ளாமல் அடியிலிருந்து மேலே வளர வேண்டும். அதனால்தான் உப்புத் தண்ணியில் நனைத்த துணியை உள்ளே வைக்கிறார்கள். கட்டு அவிழ்க்கும்போது எட்டிப் பாருங்கள், பயப்படாதீர்கள். அடிப்பக்கம் ஈரமான சிவப்பாக, மாதுளை முத்து மாதிரி பொடிப்பொடியாக இருந்தால் அது நல்ல சதை. தொட்டால் லேசாக இரத்தம் கசியும், அதுவும் நல்லதுதான். மஞ்சள் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான படலமோ, வாடையோ இருந்தால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். முழுதாக ஆற மூன்று முதல் ஆறு கிழமை ஆகலாம், சிலருக்குச் சுத்தமான பிறகு மறுபடி தையல் போட்டும் மூடுவார்கள். ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்கி வந்து நுரை பொங்க ஊற்றாதீர்கள். அது முளைக்கிற புது சதையையும் எரித்துவிடும்.

பாலைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு மனம் வலிக்கிறது, ஏனென்றால் நாலு நாள் வீணாக நிறுத்திவிட்டீர்கள். குளொக்சசிலின், கோ-அமொக்சிகிளேவ், செஃபலெக்சின், செஃபுரொக்சைம் எல்லாம் பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கிற மருந்துகள். பாலில் போவது மிகக் கொஞ்சம். ஜென்டமைசின் பாலில் கொஞ்சம் போனாலும் பிள்ளையின் குடல் அதை அநேகமாக உறிஞ்சாது. மெட்ரோனிடசோலால் பாலின் ருசி கொஞ்சம் மாறலாம், பிள்ளை முகம் சுளிக்கலாம், அதற்காக நிறுத்த வேண்டாம். கிளின்டமைசின் போட்டால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வருகிறதா என்று கவனித்தால் போதும். எந்த அன்டிபயோட்டிக்கிலும் பிள்ளைக்கு மலம் கொஞ்சம் இளகலாம், வாயில் வெள்ளைப் படலம் வரலாம். படலம் வந்தால் காட்டி மருந்து எடுங்கள். மலத்தில் இரத்தம், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இவை இருந்தால் உடனே காட்டுங்கள். தையலில் இருக்கும் கிருமி பாலுக்குள் போகாது. கையால்தான் போகும், ஆகவே கட்டைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பீலித் தண்ணியில் (மலை ஊற்றுத் தண்ணியில்) கரைத்த பால்மாதான், நீங்கள் பயப்படுகிற மருந்தைவிடப் பிள்ளைக்குக் கெடுதல். மறுபடி மார்பில் போடுங்கள், பகலிலும் ராத்திரியிலும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சப் பால் திரும்பி வரும். வயிறு வலித்தால் மடியில் வைக்காமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, இல்லாவிட்டால் பிள்ளையைக் கக்கத்தின் பக்கமாக இடுக்கிப் பிடித்துக்கொண்டு கொடுங்கள். குடும்பநல மிஸ் (மருத்துவிச்சி) வரும்போது பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாமல் போனில் சொன்ன ஒன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். "சிங்களம் சரியா வராது, போய் என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் போகல." எத்தனை தாய்மார் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மொழி தெரியாததால் ஒரு தாய் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்க வேண்டிவருவது எங்கள் சுகாதார சேவையின் குறை, அவளுடைய குறை இல்லை. குறை தீரும் வரைக்கும் நாலு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். "மட்ட சீசர் கெருவா" என்றால் எனக்கு சீசர் பண்ணினார்கள். "உண தியெனவா", காய்ச்சல் இருக்கிறது. "துவாலென் செரவ எனவா", புண்ணிலிருந்து சீழ் வருகிறது. "கந்த கஹனவா", கெட்ட வாடை அடிக்கிறது. இதையும் சொல்ல முடியாவிட்டால் டயக்னோசிஸ் கார்டை நீட்டி, கட்டைத் திறந்து காட்டுங்கள். பிள்ளை பெற்று எத்தனை நாள் என்பதை மறக்காமல் விரலிலாவது காட்டுங்கள்.

எப்போது ஒரு நிமிசமும் தாமதிக்கக் கூடாது? உடம்பு நடுங்கிக் குளிர் எடுத்துக் காய்ச்சல் வந்தால். காய்ச்சல் இல்லாமல் உடம்பு சில்லென்று இருந்தாலும் நாடி வேகமாக ஓடினால். கழுத்து ஓரத்தில் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிசம் எண்ணுங்கள், சும்மா படுத்திருக்கும்போது 110க்கு மேல் போனால் நல்லதில்லை. மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், பேச்சில் தடுமாற்றம் வந்தால். தையலைச் சுற்றித் தோல் நீலம் பாய்ந்தோ கறுத்தோ, பார்வைக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு அதிகமாக இருந்தால். தையலிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்புத் தண்ணி குபுக்கென்று கொட்டினால், அது உள் தையல் விட்டதன் அடையாளமாக இருக்கலாம். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டால் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் ஊசி போக வேண்டும் என்பது விதி. 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு கிடையாது. லயத்துப் பாதைக்கு வண்டி இறங்காது என்றால் எந்தச் சந்திக்குத் தூக்கி வருகிறீர்கள் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைப்பேற்று விசேட வைத்தியர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், நுவரெலியாவோ, டிக்கோயா கிளங்கனோ, பதுளையோ, எது கிட்டவோ அது.

காய்ச்சல் எல்லாம் தையலால்தான் என்றும் நினைக்க வேண்டாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்ததால் சிறுநீரில் தொற்று வரலாம், மார்பில் பால் கட்டிச் சீழ் வைக்கலாம், சளி நெஞ்சில் இறங்கலாம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை. பனடோல் போடும் முன் காய்ச்சலை அளந்து எழுதி வையுங்கள், தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குளிர் எடுத்த நேரத்தையாவது குறித்து வையுங்கள். போட்ட பிறகு வந்தால் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும்.

அடுத்த பிள்ளைக்கு இது தடை இல்லை. உங்களுக்குத் தொற்று தோலிலும் கொழுப்பிலும் மட்டும்தான் இருந்தது, கருப்பை சுத்தமாக இருந்தது என்று கார்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கருப்பைக்குள் தொற்று வந்தவர்கள் அடுத்த தடவை சாதாரணப் பிரசவத்துக்கு முயலலாமா என்பதை விசேட வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எப்படியானாலும் அடுத்து உண்டாவதற்கு ஒன்றரை வருசமாவது இடைவெளி விடுங்கள், கிளினிக்கில் அதற்கான வழியைக் கேளுங்கள். இந்தக் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், அடுத்த கிளினிக்கின் முதல் நாளே காட்ட வேண்டும்.

மலைக்குப் போவதைப் பற்றி. பிரசவ விடுமுறை 84 நாள் உங்களுடைய உரிமை, யார் ஆள் குறைவு என்று சொன்னாலும் அதற்கு முன் பெயர் கொடுக்காதீர்கள். விடுமுறை முடிந்தாலும் புண் அடிவரை மூடாமல் இருந்தால், மருந்து கட்டும் இடத்தில் டொக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு இன்னும் இருங்கள். கொழுந்துப் பையின் பாரம் தலையில் தொங்கினாலும், சரிவில் ஏறும்போது வயிற்றுச் சதைதான் இழுபடும். வீட்டிலும் அப்படித்தான். பீலியிலிருந்து தண்ணிக்குடம் தூக்குவது, விறகு தூக்குவது இரண்டும் உங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. பிள்ளையின் பாரத்தைவிட அதிகமான எதையும் ஆறு கிழமைக்குத் தூக்க வேண்டாம். அடுத்த புதன்கிழமை கட்டு மாற்றப் போகும்போது கல்ச்சர் ரிப்போட்டின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி அந்தக் கார்டோடு சேர்த்து வையுங்கள், போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.